எல்ல இடைவெளி: நாம் தினமும் பார்க்கும் மலைவாசல்



போன மாதம் எங்கள் மாலை வகுப்பில் ஒரு பிள்ளை ஒரு கேள்வி கேட்டது. "சேர், வெள்ளைக்காரங்க எல்லாம் எல்லைக்கு வந்து அந்த மலைச் சந்தையே பார்த்துக்கிட்டு நிக்கிறாங்களே, அங்க அப்படி என்ன இருக்கு?" என்று கேட்டது. அந்தப் பிள்ளையின் அப்பா அந்த மலைச் சந்து தெரிகிற நம்பரில்தான் தினமும் கவ்வாத்து வெட்டுகிறார். அம்மா அதைப் பார்த்தபடிதான் கொழுந்து எடுக்கிறார். ஆனால் அது என்ன, எப்படி வந்தது, அதனால் நமக்கு என்ன நன்மை, என்ன ஆபத்து என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்ததில்லை. ஆகவே இம்முறை நமது பாடம் எல்ல இடைவெளி பற்றியது. பெரியவர்கள் படித்து, படிக்கத் தெரியாதவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

1. இடைவெளி என்றால் என்ன?

இரண்டு மலைகளுக்கு நடுவே தாழ்ந்து போகும் வழிதான் மலை இடைவெளி. கணவாய் என்றும் சொல்வார்கள். உயரமான மதிலில் ஒரு வாசல் விட்டது போல என்று நினைத்துக் கொள்ளுங்கள். மனிதர், வாகனம், காற்று, தண்ணீர் எல்லாமே அந்த வாசல் வழியாகத்தான் போகப் பார்க்கும்.

எல்ல என்ற ஊர் ஊவா மாகாணத்தில் பதுளை மாவட்டத்தில் இருக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 1,041 மீற்றர் உயரம். சிங்களத்தில் "எல்ல" என்றால் நீர்வீழ்ச்சி. இங்கிருந்து தெற்கே பார்த்தால் ஒரு பக்கம் எல்ல பாறை என்ற பெரிய மலை, மறுபக்கம் 1,141 மீற்றர் உயரமுள்ள சின்ன சிவனொளிபாதமலை. உருவத்தில் பெரிய சிவனொளிபாதமலையைப் போல கூம்பாக இருப்பதால் அந்தப் பெயர் வந்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் நிலம் சடாரென்று கீழே இறங்குகிறது. அதுதான் எல்ல இடைவெளி. மூடுபனி இல்லாத காலையில் பார்த்தால், கீழே தென்பகுதிச் சமவெளி பாய் விரித்தது போலத் தெரியும்.

2. இது எப்படி உண்டாயிற்று?

நம் நாட்டின் நிலத்தை மூன்று படிக்கட்டுகளாகச் சொல்வார்கள். கடலோரச் சமவெளி முதலாவது படி. நடுவில் உள்ள குன்றுகள் இரண்டாவது படி. நாம் இருக்கும் மலைநாடு மேல் படி. தெற்குப் பக்கத்தில் மேல் படியிலிருந்து கீழே இறங்கும் இடம் சாய்வாக இல்லை, சுவர் மாதிரி செங்குத்தாக இருக்கிறது. அப்புத்தளை, ஹல்துமுல்ல, கொஸ்லந்த, எல்ல எல்லாமே இந்தச் சுவரின் ஓரத்தில்தான் வரிசையாக இருக்கின்றன.

இந்தச் சுவரில் ஆறும் ஓடையும் பல இலட்சம் வருடங்களாக விடாமல் அரித்ததால் வெட்டுகள் விழுந்தன. பாறையில் வெடிப்பு இருக்கும் இடத்தில் தண்ணீர் முதலில் நுழையும், அந்த இடம் சீக்கிரம் தேயும். நம் தேயிலை மலையில் கானை ஒழுங்காக வெட்டாவிட்டால், இரண்டு மூன்று மழைக்குள் தண்ணீர் தானே ஒரு பள்ளம் தோண்டி விடுவதைப் பார்க்கிறோம் அல்லவா? அதே வேலைதான். அங்கே ஒரு வருடத்தில் நடப்பது இங்கே யுகக் கணக்கில் நடந்திருக்கிறது.

3. ஒரு மழை, இரண்டு பயணம்

பண்டாரவளைப் பக்கம் பிறக்கும் கிரிந்தி ஓயா, இந்த இடைவெளி வழியாகத் தெற்கே இறங்குகிறது. வெல்லவாய, தணமல்வில பக்கம் போய், லுணுகம்வெஹெர குளத்தை நிரப்பி, தென்கடலில் சேர்கிறது. கீழே வயல் செய்கிறவர்களுக்கு அதுதான் உயிர்.

ஆனால் எல்லையிலிருந்து சற்று வடக்கே தெமோதரைப் பக்கம் விழும் மழை வேறு வழி போகும். அது பதுளை ஓயாவில் சேர்ந்து, பிறகு மகாவலியில் கலந்து, திருகோணமலைப் பக்கம் கடலுக்குப் போகிறது. பக்கத்துப் பக்கத்து மலையில் ஒரே நேரத்தில் விழுந்த துளிகள், ஒன்று தெற்கே, ஒன்று கிழக்கே. இப்படித் தண்ணீர் பிரியும் மேட்டைத்தான் நீர்ப்பிரிமேடு என்கிறோம். நாம் ஓடையில் எறியும் மருந்துப் போத்தலும் பொலித்தீனும் எத்தனை ஊரின் தண்ணீருக்குள் போகும் என்பதை இதிலிருந்து யோசித்துப் பாருங்கள்.

4. காற்றும் கொழுந்தும்

மே மாதம் முதல் செப்டெம்பர் வரை தென்மேற்குப் பருவக்காற்று வீசுகிறது. அது தன் மழையை எல்லாம் அட்டன், மஸ்கெலிய, நுவரெலியா பக்கத்துச் சரிவுகளில் கொட்டிவிடுகிறது. மலையைத் தாண்டி ஊவாப் பக்கம் இறங்கும்போது அதில் ஈரம் இல்லை. இறங்க இறங்கச் சூடாகிறது. இதைத்தான் நம்ம ஆட்கள் கச்சான் காற்று என்று சொல்லுவாங்க. இடைவெளிகளில் இந்தக் காற்று இன்னும் வேகமாக வீசும். அகலமான பீலியில் மெதுவாக வரும் தண்ணீர், வாயை விரலால் பாதி அடைத்தால் பீறிட்டு அடிப்பது போலத்தான் இதுவும்.

இந்தக் காய்ந்த காற்றால் ஜூலை முதல் செப்டெம்பர் வரை ஊவாவில் கொழுந்து மெதுவாகத்தான் வரும். எடைக்கிற கிலோ குறையும். பெண்கள் "மலையில ஒண்ணுமில்ல, கூடை நிறைய மாட்டேங்குது" என்று சொல்லும் காலம் இது. ஆனால் அந்த மெதுவான வளர்ச்சியாலும் காய்ச்சலாலும்தான் இலையில் ஊவாத் தேயிலைக்கே உரிய மணம் சேர்கிறது. உலகம் முழுக்க ஊவாத் தேயிலை பேர் பெற்றது இந்தப் பருவத்துக் கொழுந்தால்தான். மேற்குப் பக்கத்துத் திம்புளைத் தேயிலைக்கு நல்ல பருவம் ஜனவரி முதல் மார்ச் வரை, நமக்கு அதற்கு நேர் எதிர். கூடை நிறையாத அந்த நாட்களில் நீங்கள் கிள்ளுகிற இரண்டு இலையும் ஒரு மொட்டும் வருடத்திலேயே மதிப்புக் கூடியது என்பதைத் தெரிந்து கொள்ளுங்கள்.

5. வீதியும் நீர்வீழ்ச்சியும் குகையும்

இந்த இடைவெளி வழியாகத்தான் எல்ல–வெல்லவாய வீதி இறங்குகிறது. ஏறக்குறைய 27 கிலோமீற்றர் தூரத்தில் 800 மீற்றருக்கு மேல் இறங்கிவிடுகிறோம். 1,000 மீற்றர் இறங்கினால் வெப்பம் சுமார் ஆறரைப் பாகை கூடும் என்பது கணக்கு. அதனால்தான் எல்லையில் கம்பளிச் சட்டையோடு பஸ் ஏறியவர், வெல்லவாயவில் இறங்கும்போது அதைக் கழற்றிக் கையில் வைத்துக் கொள்கிறார்.

எல்லையிலிருந்து சுமார் 6 கிலோமீற்றரில், வீதியோரத்திலேயே இராவணன் எல்ல நீர்வீழ்ச்சி விழுகிறது. உயரம் சுமார் 25 மீற்றர். இதைச் சுற்றியுள்ள காடு ஒரு சரணாலயம், அங்கே மரம் வெட்டவோ வேட்டையாடவோ கூடாது. பார்க்க அழகாக இருக்கிறதே என்று பாறையில் ஏறுவதும் குளிப்பதும் ஆபத்து. பாறை வழுக்கும், சுழி இருக்கும். பலர் இங்கே உயிரை விட்டிருக்கிறார்கள். மேலே மலையில் மழை பெய்தால், கீழே வெயில் அடிக்கும்போதே தண்ணீர் திடீரென்று பெருகி வரும்.

அதே மலையில் ஒரு குகை இருக்கிறது. இராவணன் சீதாப்பிராட்டியை இங்கே ஒளித்து வைத்தான் என்று ஊரில் கதை சொல்வார்கள். ஆராய்ச்சியாளர்கள் அந்தக் குகையில் தோண்டிப் பார்த்தபோது, வரலாறு எழுதப்படுவதற்கு முந்திய காலத்து மனிதர் வாழ்ந்த அடையாளங்கள் கிடைத்திருக்கின்றன. கதையும் இருக்கட்டும், ஆராய்ச்சியும் இருக்கட்டும். மழைக்கும் காற்றுக்கும் ஒதுங்க மனிதர் இந்த மலையை மிகப் பழங்காலத்திலேயே நம்பியிருக்கிறார்கள் என்பது மட்டும் நிச்சயம்.

வீதியைப் பற்றி ஒரு துக்கமான செய்தியும் சொல்ல வேண்டும். 2025 செப்டெம்பர் 4ஆம் திகதி இரவு, இந்த எல்ல–வெல்லவாய வீதியில் சுற்றுலா வந்த ஒரு பஸ் பள்ளத்தில் விழுந்து 15 பேர் இறந்தார்கள். இருட்டில் கயிறு கட்டி இறங்கி ஆட்களைத் தூக்கினார்கள். நம் தோட்டங்களிலும் கோயில் பயணம், கல்யாணப் பயணம் என்று வேன், பஸ் பிடித்து இந்த வழியே போகிறோம். நீண்ட இறக்கத்தில் பிரேக்கை மட்டுமே அழுத்திக்கொண்டு வந்தால் அது சூடேறிப் பிடிக்காமல் போகலாம். ஏறும்போது போடும் சின்ன கியரையே இறங்கும்போதும் போட வேண்டும். டிரைவருக்குத் தூக்கம் வந்தால், வேகமாகப் போனால், "அண்ணே, கொஞ்சம் நிறுத்துங்க" என்று சொல்ல வெட்கப்படாதீர்கள்.

6. பாலமும் சுருள் பாதையும்

நம் பாட்டன் பூட்டன் காலத்தில் தேயிலையைக் கொழும்புக்குக் கொண்டுபோகத்தான் மலைநாட்டு ரயில் பாதை போடப்பட்டது. 1894இல் பண்டாரவளை வரை வந்த பாதை, 1924இல்தான் பதுளையைச் சேர்ந்தது. இடையில் உள்ள தூரம் சிறிது, ஆனால் மலை அவ்வளவு கஷ்டமானது.

எல்லைக்கும் தெமோதரைக்கும் நடுவில் ஒன்பது வளைவுப் பாலம் இருக்கிறது. நீளம் சுமார் 91 மீற்றர், உயரம் சுமார் 24 மீற்றர். இரும்பு இல்லாமல் கல்லாலும் செங்கல்லாலும் சீமெந்தாலும் கட்டியது. முதலாம் உலக யுத்தத்துக்கு இரும்பு போய்விட்டதால் இப்படிக் கட்டினார்கள் என்று ஊரில் சொல்வார்கள்.

தெமோதரை ஸ்டேசனில் இன்னொரு அதிசயம். ரயில் ஸ்டேசனை விட்டுப் புறப்பட்டு, குன்றை ஒரு சுற்றுச் சுற்றி, அதே ஸ்டேசனுக்கு அடியிலேயே சுரங்கத்துக்குள் போகிறது. சரிவு அதிகம் இல்லாமல் கீழே இறங்குவதற்காகச் செய்த வேலை. இதைப் பற்றி ஒரு கதை உண்டு. பாதையை எப்படி இறக்குவது என்று தெரியாமல் யோசித்துக்கொண்டிருந்த எஞ்சினியர், தோட்டத்துக் கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துத் திரும்பச் சுற்றிக் கட்டுவதைப் பார்த்தாராம். அப்போதுதான் சுற்றி இறக்கலாம் என்ற யோசனை வந்ததாம். உண்மையோ இல்லையோ, நம்ம கங்காணியின் தலைப்பாகைக்கும் இந்தப் பாதையில் ஒரு பங்கு உண்டு என்று ஊரே சொல்கிறது.

பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. பாலத்திலும் சுரங்கத்திலும் நடந்து போகாதீர்கள். போனில் படம் எடுக்க ரயில் வரும் வரை காத்து நிற்காதீர்கள்.

7. மலை பேசும்போது கேட்க வேண்டும்

இப்போது இந்தப் பாடத்தின் மிக முக்கியமான பகுதிக்கு வருகிறேன்.

இந்த மலைச்சுவர் அழகானது, அதே சமயம் ஆபத்தானது. ஒக்டோபர் முதல் ஜனவரி வரை நமக்குப் பெரிய மழைக்காலம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி காலையில் கொஸ்லந்த மீரியபெத்த தோட்டத்தில் மலை சரிந்து லயன்களை மூடியது. அந்த இடம் ஆபத்தானது என்று 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். ஆனால் ஜனங்கள் அங்கேயே இருந்தார்கள். போக வேறு இடமும் இருக்கவில்லை. பள்ளிக்கூடம் போயிருந்த பிள்ளைகள் திரும்பி வந்தபோது வீடு இருந்த இடத்தில் சேறுதான் இருந்தது. எல்ல வீதியிலும் கரந்தகொல்லைப் பகுதியில் மண் நகர்ந்து வீதியை மூடிய காலங்கள் உண்டு. 2025 நவம்பரில் தித்வா புயல் வந்தபோதும் மலைநாடு மண்சரிவால் பெரிய இழப்பைச் சந்தித்தது.

என் சொந்த அனுபவம் ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன். சில வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு தோட்டத்தில், ஒரு பாட்டி என்னிடம் வந்தார். "ஐயா, மழை விட்டு ரெண்டு நாளாச்சு. இன்னும் பீலித் தண்ணி கலங்கித்தான் வருது. முந்தி இப்படி இல்ல" என்றார். நான் கொப்பியில் எழுதிக்கொண்டு, "சரி பாட்டி, நாளைக்கு வந்து பார்க்கிறேன்" என்றேன். எனக்கு அன்று வேறு வேலை. பாட்டி எனக்காகக் காத்திருக்கவில்லை. பேரப்பிள்ளைகளையும் பக்கத்துக் காம்பராக்காரர்களையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தில் போய்ப் படுத்துக்கொண்டார். சிலர் சிரித்தார்களாம். அன்று இரவு லயத்துக்குப் பின்னால் இருந்த மண் அணை சரிந்து குசினிகளை எல்லாம் மூடிவிட்டது. ஒருவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. அது என்னால் அல்ல, அந்தப் பாட்டியால். எழுதப் படிக்கத் தெரியாத அவருக்கு மலையைப் படிக்கத் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து "நாளைக்குப் பார்க்கலாம்" என்ற வார்த்தையை மழைக்காலத்தில் நான் சொல்வதில்லை.

கீழே உள்ள அடையாளங்களை எல்லோரும் மனதில் வைத்துக் கொள்ளுங்கள்:

– நிலத்தில், சுவரில், இஸ்தோப்பில் புதிதாக வெடிப்பு விழுதல். இருந்த வெடிப்பு அகலமாகுதல்.
– மரம், லைட் போஸ்ட், வேலிக்கம்பம் நேராக நின்றது சாய்தல்.
– கதவு, ஜன்னல் திடீரென்று இறுகி மூடாமல் போதல்.
– ஊற்றுத் தண்ணீர் சேறாக வருதல். ஓடிய ஊற்று நின்றுவிடுதல். இல்லாத இடத்தில் புது ஊற்றுக் கிளம்புதல்.
– மலைப் பக்கமிருந்து இரைச்சல், கல் உருளும் சத்தம் கேட்டல்.

மழையை நாமே அளக்கலாம். அடியும் வாயும் ஒரே அகலமாக இருக்கும் ஒரு டின்னை, கூரையும் மரமும் இல்லாத வெளியில் வையுங்கள். 24 மணித்தியாலம் கழித்து உள்ளே இருக்கும் தண்ணீரின் ஆழத்தை அடிமட்டத்தால் அளந்து பாருங்கள். மண்சரிவு அபாயமுள்ள இடங்களுக்குத் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மூன்று நிலையில் எச்சரிக்கை தருகிறது. 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றர் தாண்டினால் விழிப்பாக இருக்க வேண்டும் (மஞ்சள்). 100 தாண்டினால் வெளியேற ஆயத்தமாக வேண்டும் (செம்மஞ்சள்). 150 தாண்டினால் இடத்தை விட்டுப் போய்விட வேண்டும் (சிவப்பு). ஆனால் மேலே சொன்ன அடையாளம் ஒன்றைக் கண்டால், டின்னில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துக்கொண்டு இருக்காதீர்கள். உடனே புறப்படுங்கள்.

மற்ற வேலைகளும் உண்டு. லயத்துக்கு மேலே உள்ள கான்களை மழைக்காலத்துக்கு முன் எல்லோரும் சேர்ந்து துப்புரவாக்குங்கள். லயத்துக்குப் பின்னால் மண் அணையைத் தோண்டிக் காம்பராவைப் பெருப்பிக்காதீர்கள். அடையாள அட்டை, பிறப்புச் சான்றிதழ், வங்கிக் கொப்பி ஆகியவற்றை ஒரு பொலித்தீன் பையில் போட்டுக் கைக்கு எட்டும் இடத்தில் வையுங்கள். இரவில் போக வேண்டி வந்தால் எந்த வழியால், எந்தக் கட்டிடத்துக்கு என்பதைப் பகலிலேயே பேசி வையுங்கள். வயதானவர்களையும் கர்ப்பிணித் தாய்மாரையும் யார் கூட்டிப் போவது என்பதையும் சொல்லி வையுங்கள். ஆபத்துத் தெரிந்தால் தோட்ட அலுவலகத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் அறிவியுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் இலக்கம் 117. எந்த நேரமும் எடுக்கலாம்.

8. கேள்விகள் (மாலை வகுப்புக்கும் வீட்டுக்கும்)

1. எல்ல இடைவெளியின் இருபக்கமும் உள்ள மலைகள் எவை?
2. எல்ல இடைவெளி வழியாக இறங்கும் ஆறு எது? அது எந்தத் திசைக் கடலுக்குப் போகிறது?
3. கச்சான் காற்று ஊவாவுக்கு வரும்போது ஏன் காய்ந்திருக்கிறது?
4. கொழுந்து குறையும் காலத்தில் தேயிலையின் மணம் ஏன் கூடுகிறது?
5. மண்சரிவுக்கு முன் தெரியும் அடையாளங்களில் மூன்றைச் சொல்லுங்கள்.
6. உங்கள் லயத்திலிருந்து பாதுகாப்பான இடத்துக்கு இரவில் போகும் வழி எது? இந்தக் கேள்விக்கு விடையை எழுத வேண்டாம். பிள்ளைகளோடு ஒருமுறை நடந்து பாருங்கள்.

அன்பானவர்களே, வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் ஒரு நாள் அந்த இடைவெளியைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார்கள். நாம் அதன் காற்றிலும் மழையிலும் பரம்பரையாக வாழ்கிறவர்கள். அடுத்த முறை உங்கள் பிள்ளை அந்த மலையைக் காட்டி "அங்க என்ன இருக்கு?" என்று கேட்டால், கூடையை இறக்கி வைத்து இரண்டு நிமிடம் சொல்லிக் கொடுங்கள். நம் வீட்டுப் பாட்டிமாருக்கு மலையைப் பற்றித் தெரிந்ததை அவர்களிடம் கேட்டு எழுதி வையுங்கள். அந்த அறிவு லயத்திலிருந்து போய்விடக் கூடாது.